பூசணிக்காயில் பழகிய கை

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, வேலூருக்குப் போகிற பெரிய சாலையில், தாமல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஊர் கண்ணில் படாது, ஏரிதான் படும். மழை பெய்த வருஷத்தில் அது கடல். பெய்யாத வருஷத்தில் மாடு மேய்கிற மைதானம். தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாக வகுத்திருந்த காலத்தில் ஒரு கோட்டமே இந்த ஊரின் பெயரால் வழங்கியது. இப்போது அந்தப் பெருமையெல்லாம் வராகீசுவரர் கோயில் கற்களோடு சரி.

நான் அங்கே போனது சரித்திர ஆராய்ச்சிக்காக அல்ல. என் தமக்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடையில் வாங்கினால் ஒரு விலை, தறியடியில் வாங்கினால் ஒரு விலை என்று யாரோ அக்காவின் காதில் போட்டுவிட்டார்கள். அக்கா புடைவைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில், நான் குழித்தறியில் உட்கார்ந்திருந்த பெரியவரோடு பேச்சுக் கொடுத்தேன். அவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தான். பெரியவருடைய சகோதரியின் மகன். தொழில் கற்றுக்கொள்ள வந்தவன்.

"மூணு மாசம் தார் சுத்தினான் சார். அப்புறம் அறுந்த இழையை முடியக் கத்துக்கிட்டான். இப்பத்தான் கரைக்கு வந்திருக்கான். உடம்புக்கு வர இன்னும் நாளாகும்" என்றார்.

உடம்பு என்று அவர் சொன்னது புடைவையின் உடலை. "நடுவில் பிசகிவிட்டால்?" என்று கேட்டேன்.

"பிரிச்சு நெய்யறதுதான். நூலுக்கு வலிக்கவா போவுது?"

அந்த வார்த்தை என்னோடு ஊர் வரைக்கும் வந்தது. ஏனென்றால் பட்டு நூலுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. ஆபரேஷன் செய்த இடத்தைத் தைப்பதற்கு டாக்டர்கள் நெடுங்காலமாகப் பட்டு இழையை உபயோகித்து வந்திருக்கிறார்கள். அந்தத் தையலில் பிசகினால் பிரித்துத் தைக்கலாம் என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. அங்கே உடம்பு என்றால் உடம்புதான். அப்படியானால் ரண வைத்தியனுடைய கை முதல் முதலில் எங்கே பழகியது? எந்த உடம்பில்?

இந்தக் கேள்விக்குக் காஞ்சிபுரத்துப் பக்கத்திலேயே ஒரு கல் பாதிப் பதில் வைத்திருக்கிறது. தாமலிலிருந்து காஞ்சியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனுடைய நீண்ட சாஸனம் ஒன்று இருக்கிறது. காலம், கி.பி. 1068ஐ ஒட்டியது. கோயிலோடு சேர்ந்து ஒரு வேத பாடசாலை; மாணாக்கர்களுக்கு விடுதி; நோயாளிகளுக்கு 15 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி. அதற்கு வீரசோழன் என்று பெயர். வைத்தியர் ஒருவர், சல்லியக் கிரியை செய்கிறவன் ஒருவன், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள் இருவர், நாவிதன் ஒருவன் என்று சிப்பந்திகளையும் அவர்களுடைய படியையும் கல்லில் கணக்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். அலமாரியில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் வேறு.

வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக் கிரியை செய்கிறவனுக்கு 30 கலம் நெல். நாடி பிடிக்கிறவருக்கு மூன்று பங்கு, கத்தி பிடிக்கிறவனுக்கு ஒரு பங்கு! இன்றைய சர்ஜன்கள் யாராவது திருமுக்கூடலுக்கு உல்லாசப் பிரயாணம் போனால் அந்தச் சுவரைப் பார்க்காமல் திரும்புவது மனத்துக்கு நல்லது.

அந்த 30 கலத்துக்காரனுடைய கூலியைச் சொன்ன கல், அவன் கற்ற விதத்தைச் சொல்லவில்லை. அதற்கு அவனுடைய சாஸ்திரத்துக்குப் போக வேண்டும். சல்லியம் என்கிற வார்த்தையே நமக்கு வழி காட்டுகிறது. அது சுசுருதருடைய துறை.

சுசுருத ஸம்ஹிதை கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி முன்னும் பின்னுமாக உருவெடுத்த நூல் என்பது பொதுவான கருத்து. அதில் சூத்திர ஸ்தானம் என்கிற முதல் பகுதியில் ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க முழுக்கப் பயிற்சியைப் பற்றியது. சாஸ்திரத்தை எல்லாம் கரைத்துக் குடித்தவனானாலும் கை பழகாதவன் வேலைக்கு லாயக்கற்றவன் என்பது அதன் கட்சி. சரி, எதில் பழகுவது? அந்தப் பட்டியலைப் படிக்கிறபோது எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரவில்லை. சமையலறையும் கொல்லைப்புறமும்தான் ஞாபகம் வந்தன.

வெட்டிப் பழகுவதற்குப் பூசணி, சுரை, தர்ப்பூசணி, வெள்ளரி. கீறிப் பழகுவதற்குத் தண்ணீரும் சேறும் நிரப்பிய தோல் பை. சுரண்டிப் பழகுவதற்கு மயிர் நீக்காத தோலை இழுத்துக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நரம்பில் ஊசி குத்துவதற்கு இறந்த மிருகத்தின் நரம்பு, இல்லாவிட்டால் தாமரைத் தண்டு. புண்ணின் ஆழத்தைச் சலாகை விட்டுப் பார்ப்பதற்குப் புழு அரித்த மரமும் மூங்கிலும். உள்ளே தைத்ததைப் பிடுங்கிப் பழகுவதற்குப் பலாப்பழமும் வில்வப் பழமும்! பலாச்சுளையைச் சிதையாமல் எடுப்பது எத்தனை சிரமம் என்பது பண்ருட்டிப் பழம் வாங்கிய குடும்பஸ்தர்களுக்குத் தெரியும். சுசுருதருக்கும் தெரிந்திருக்கிறது. தைத்துப் பழகுவதற்கு மெல்லிய துணி, தடித்த துணி, மிருதுவான தோல்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று. கட்டுப் போட்டுப் பழகுவதற்கு ஓர் ஆள் உருவம் செய்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார். புஸ்தமயப் புருஷன் என்று அதற்குப் பெயர். துணியாலோ மண்ணாலோ சமைத்த மனிதன் என்று வைத்துக்கொள்ளலாம். கையும் காலும் விரலும் உள்ளவன். வலிக்கிறது என்று சொல்லாதவன்.

இன்றைக்கு வைத்தியக் கல்லூரிகளில் 'சிமுலேஷன்' என்ற பெயரில் பெரிய பேச்சாக இருப்பது இந்தப் புருஷனுடைய பேரப் பிள்ளைதான். தமிழில் பாவனைப் பயிற்சி என்று சொல்லலாம். நம் வீட்டுப் பெண் குழந்தைகள் சொப்பு வைத்துச் சமைத்து, மண் சோற்றைப் பரிமாறி, "நன்றாயிருக்கிறதா மாமா?" என்று கேட்கிறார்களே, அதே வித்தை. உப்புக் கூடினாலும் குடி முழுகிவிடாது.

சீனத்திலும் இப்படி ஒரு புருஷன் இருந்தான். 1027ஆம் வருஷம், ஸோங் வம்சத்துச் சக்கரவர்த்தியின் கட்டளைப்படி, வாங் வெய்யீ என்கிற வைத்தியர் வெண்கலத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மனிதர்களை வார்த்தார். உடம்பு முழுவதும் ஊசி குத்த வேண்டிய புள்ளிகளில் சின்னச் சின்னத் துவாரம். பரீட்சையன்று வெண்கல உடம்புக்கு மேலே மெழுகைப் பூசித் துவாரங்களை மறைத்துவிடுவார்கள். உள்ளே தண்ணீரை நிரப்பிவிடுவார்கள். மாணாக்கன் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி இறங்காது. இப்படித்தான் சொல்லப்படுகிறது. இரண்டு பொம்மைகளில் ஒன்று வைத்தியச் சாலையில் இருந்தது. மற்றொன்றை வைத்திருந்த இடம் ஒரு கோயில், தலைநகரத்துப் பௌத்தக் கோயில். திருமுக்கூடல் ஆஸ்பத்திரிக்கும் அதற்கும் நாற்பது வருஷ வித்தியாசந்தான். சோழ ராஜாக்களின் தூதர்கள் 1015இலும் 1033இலும் 1077இலும் அந்தச் சீனத்து ஸபைக்குப் போய் வந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் கை துருதுருக்கிறது. தூதுக் கோஷ்டியில் ஒரு சல்லிய வைத்தியனைச் சேர்த்துவிட்டால் எப்படி இருக்கும்! ஆனால் இது கட்டுரை. கையைக் கட்டிக்கொள்கிறேன்.

இவ்வளவு நல்ல வழியைக் கண்டுபிடித்த பிறகு உலகம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதா என்றால், இல்லை. நம்மிடம் ஒரு பழமொழி உண்டு: ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன். பண்டிதர்கள் உடனே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அது பேரை அல்ல, வேரை, ஆயிரம் வேரைக் கண்டவன்" என்று திருத்துவார்கள். திருத்தம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஜனங்கள் ஏன் வேரை விட்டுப் பேரைப் பிடித்துக்கொண்டார்கள்? அவர்களுடைய அநுபவம் அப்படி. வைத்தியன் யார் மேலாவது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த யாரோ ஒருவன் தான்தான் என்று ஏழைக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரிகளே வைத்தியக் கல்லூரிகளாகவும் ஆன பிறகு, எங்கும் இந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. சென்னையில் வைத்தியப் பள்ளி தொடங்கியது 1835இல். லண்டனிலும் பாரிஸிலும் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. பணம் கொடுக்கிறவர் வீட்டுக்கு நரைத்த தலை டாக்டர் போவார். தர்ம வார்டில் படுத்திருக்கிறவனைச் சுற்றிப் பத்து மாணாக்கர்கள் நிற்பார்கள். சிகிச்சை இலவசம்; அதற்குக் கட்டணம் அவனுடைய உடம்பு. இதில் மாணாக்கர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கை நடுங்காமல் முதல் ஊசி போட்டவர் யார்? ஆனால் அந்த நடுக்கத்தை யார் தாங்குவது என்பதை வருமானம் தீர்மானித்தது என்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கு நடுவில், பிரெஞ்சு தேசத்தில் ஒரு ஸ்திரீ துணியும் பஞ்சும் வைத்துக்கொண்டு வேறு வழி பார்த்தாள். மேடம் தூ கூத்ரே என்று பெயர். பாரிஸ் நகரத்து மருத்துவச்சி. நாட்டுப்புறங்களில் பிரசவத்தில் தாயும் சேயும் சாவது அதிகமாக இருந்தது. ராஜாவுக்கு அது கவலை. சேனைக்கு ஆள் குறைகிறதல்லவா? 1759இல் பதினைந்தாம் லூயி அவளுக்கு உத்தரவுப் பத்திரம் கொடுத்து, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுக்கும்படி அனுப்பினான். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவப் பெண்கள். அவர்களிடம் புத்தகத்தை விரித்து என்ன பயன்? தன்னுடைய 'யந்திர'த்தைப் பிரித்து வைத்தாள்.

யந்திரம் என்று அவள் சொன்னது ஒரு பொம்மை. ஒரு பெண்ணின் இடுப்பும் தொடையும் இயல்பான அளவில், துணியும் தோலும் பஞ்சும் வைத்துத் தைத்தது. கயிறுகளை இழுத்தால் பிறப்பு வழி விரியும், இறுகும். குழந்தைப் பொம்மை ஒன்று, நஞ்சுக்கொடியோடு. இரட்டைக் குழந்தைகள் வேறு. சாயத் தண்ணீரில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்துப் பன்னீர்க்குடம் உடைவதையும் உதிரம் போவதையும் காட்டினாள். குழந்தை தலை மாறிக் கிடந்தால், கை முன்னால் வந்தால், கொடி சுற்றியிருந்தால், ஒவ்வொன்றையும் அந்தப் பெண்கள் கண்ணால் பார்த்து, கையால் திருப்பி, தவறு செய்து, மறுபடியும் திருப்பினார்கள். இருபது வருஷத்துக்கு மேல் வண்டியில் பொம்மையை ஏற்றிக்கொண்டு அவள் தேசம் முழுவதும் சுற்றினாள். அவளிடம் நேராகக் கற்றவர்கள் ஆயிரக்கணக்கான பேர். வைத்தியர்கள் சிலர் பரிகாசம் செய்யாமல் இல்லை. பொம்மை வைத்து விளையாடுகிறவள் வைத்தியம் சொல்வதா! அவளுடைய பொம்மைகளில் ஒன்று ரூவான் நகரத்துக் காட்சிசாலையில் இன்னும் இருக்கிறது. அதன் படத்தை நான் வெகுநேரம் பார்த்தேன். தையல் அவ்வளவு ஒழுங்கு. நம் வீட்டு மெத்தை தைக்கிறவர் பார்த்தால் தலையாட்டுவார்.

இருபதாம் நூற்றாண்டில் பொம்மைக்கு மறுபடியும் யோகம் அடித்தது. ஆகாய விமானத்துக்காரர்கள் வழி காட்டினார்கள். அமெரிக்காவில் ஆர்கன் வாத்தியம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை எட்வின் லிங்க், வாத்தியத்துக்குக் காற்று ஊதுகிற துருத்திகளை வைத்து 1929இல் தரையிலேயே ஆடி அசைகிற ஒரு பொய் விமானம் செய்தான். பொருட்காட்சி வேடிக்கை என்று நினைத்தார்கள். 1934இல் தபால் கொண்டுபோன ராணுவ விமானிகள் மேகத்திலும் பனியிலும் சிக்கி அடுத்தடுத்துச் செத்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. விமானி கற்றுக்குட்டியாக இருந்தால் அவனும் சேர்ந்து சாவான். டாக்டர் விஷயத்தில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. வைத்திய உலகம் மெதுவாக விழித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வைத்தியத்துக்குப் பொம்மையைத் திரும்பக் கொண்டுவந்தவரும் டாக்டர் அல்ல, பொம்மை வியாபாரி. நார்வே தேசத்து ஸ்டாவாங்கர் நகரத்தில் ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர் குழந்தைகளுக்கு மோட்டார் வண்டியும் பொம்மையும் செய்து விற்றுவந்தார். 1950களின் நடுவில், சின்னக் குழந்தையாயிருந்த அவருடைய மகன் தண்ணீரில் விழுந்துவிட்டான். துவண்டு கிடந்த பிள்ளையைத் தகப்பனே தூக்கி, மூச்சுக் குழாயிலிருந்து தண்ணீரை வெளியேற்றிப் பிழைக்க வைத்தார். சில வருஷங்களுக்குப் பிறகு, மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைக்கும் முறையை டாக்டர் பீட்டர் சாபர் நிலைநாட்டிக்கொண்டிருந்தார். அதைப் பழக ஒரு பொம்மை வேண்டும் என்று டாக்டர்கள் லேர்டாலைக் கேட்டபோது அவர் மறுப்பாரா? 1960இல் 'ரெஸுஸி ஆன்' வெளிவந்தாள்.

அவளுடைய முகத்துக்கு ஒரு கதை இருக்கிறது. பாரிஸில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஸேன் நதியிலிருந்து பெயர் தெரியாத ஓர் இளம் பெண்ணின் பிரேதம் எடுக்கப்பட்டதாம். அந்த முகத்தின் அமைதியில் சொக்கிப் போய், பிணக் கிடங்கைச் சேர்ந்த ஒருவர் சுண்ணாம்பில் அச்சு எடுத்துவைத்தாராம். நீரில் கிடந்த முகம் இவ்வளவு அழகாக இராது, உயிரோடிருந்த பெண்ணிடம் எடுத்த அச்சாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் அந்த முகம் ஐரோப்பாவில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கியது. லேர்டால் தம் உறவினர் வீட்டில் அதைப் பார்த்திருந்தார். பயமுறுத்தாத முகமாக இருக்க வேண்டும் என்று அதையே பொம்மைக்கு வைத்தார். அன்று முதல் கோடிக்கணக்கான ஜனங்கள் அந்த முகத்தில் குனிந்து மூச்சு ஊதியிருக்கிறார்கள். நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் பத்திராசிரியர், "கொஞ்சம் அதிகமாயிருக்கிறதே" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1967இல் தெற்கு கலிபோர்னியா சர்வகலாசாலையில் 'ஸிம் ஒன்' என்று ஒரு பொம்மை. கண் சிமிட்டும், இருமும், மயக்க மருந்து கொடுத்தால் அதற்குத் தக்கபடி நாடி மாறும். விலை எட்டாத உயரம். அந்த ஒன்றோடு நின்றது. அடுத்த வருஷமே இருதய ஒலிகளைக் காட்டுகிற 'ஹார்வி' மியாமியில் வந்தான். இப்போது பேசுகிற, வியர்க்கிற, பிரசவிக்கிற பொம்மைகள் எல்லாம் உண்டு.

இதெல்லாம் பணக்கார தேசத்து விளையாட்டு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, தன்னுடைய கண்புரை ஆபரேஷன்களை, ஏறக்குறைய 80,000 பேருடையவற்றை, ஒன்றுவிடாமல் எண்ணி 2012இல் பிரசுரித்தது. அநுபவம் வாய்ந்த டாக்டர்கள் கையில் சிக்கல் நேர்ந்தது 100க்கு ஒன்றுக்கும் குறைவு. பயிற்சிக்கு வந்துபோகிற புதியவர்கள் கையில் 100க்கு 5. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் இந்த மாதிரிக் கணக்கை எழுதி வைப்பதே இல்லை. எழுதினாலும் பூட்டி வைக்கும். பகிரங்கமாக அச்சிட்ட தைரியத்துக்கு ஒரு கும்பிடு. அந்த ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கிறதே, அது வெறும் எண் அல்ல. யாரோ ஒரு பாட்டியின் கண். அந்த இடைவெளியை ஆட்டுக் கண்ணிலும் கம்ப்யூட்டர்க் கண்ணிலும் கடந்துவிட்டு அப்புறம் பாட்டியிடம் வரவேண்டும் என்பதுதான் இன்றைய டாக்டர்களின் பேச்சு.

2019இல் இந்தியாவின் வைத்தியக் கல்லூரிகளுக்குப் புதிய பாடத் திட்டம் வந்தபோது, கல்லூரிதோறும் பயிற்சிப் பொம்மைகளோடு ஒரு கூடம் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல விதி. நான் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். பொம்மைகளைப் பார்க்கலாமா என்றேன். சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். விலை உயர்ந்த நோயாளி ஒருவர் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் படுத்திருந்தார். கொலு முடிந்து எடுத்து வைத்த பொம்மை போல. ஆய்வுக்கு ஆட்கள் வரும் அன்று அவருக்கு விடுதலை கிடைக்கும் போலும்.

இதற்கு நேர் எதிரான காட்சி பீஹாரில். அங்கே கிராம ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்க, ஆபரேஷன் அறையில் போடுகிற சாதாரணக் கால்சட்டை ஒன்றை எடுத்து, அதில் பிரசவத்துக்கு வழி வைத்துத் தைத்திருக்கிறார்கள். 'பார்ட்டோபேன்ட்ஸ்' என்று பெயர். ஒரு நர்ஸ் அதை மாட்டிக்கொண்டு கர்ப்பிணியாக நடிப்பாள், வலியில் கத்துவாள், ரத்தம் போலச் சாயத் தண்ணீர் கொட்டும். மற்றவர்கள் ஓடி ஓடிச் சிகிச்சை செய்வார்கள். பிரசவத்துக்குப் பிறகு நிற்காத உதிரப் போக்குத்தான் நம் தேசத்தில் தாய்மார்களைக் கொல்லுகிற முதல் சத்துரு. அதை முதல் தடவையாக ராத்திரி இரண்டு மணிக்கு, டாக்டர் இல்லாத இடத்தில், நிஜமாகச் சந்திக்கிற நர்ஸுக்கும், பத்துத் தடவை கால்சட்டையில் சந்தித்துவிட்டு வருகிற நர்ஸுக்கும் வித்தியாசம் இல்லையா? தூ கூத்ரே அம்மாள் உயிரோடு வந்தால் தன் பஞ்சையும் கயிற்றையும் அடையாளம் கண்டுகொள்வாள்.

காஞ்சிபுரம் ஜில்லாவில் இப்படி ஒரு வகுப்பைக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு ஒருமுறை அநுமதி கிடைத்தது. பிறந்த சிசு அழாவிட்டால் முதல் 60 விநாடிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது பாடம். துடைக்க வேண்டும், முதுகைத் தேய்த்துவிட வேண்டும், அதற்கும் மூச்சு வராவிட்டால் முகத்தில் மூடியை வைத்துப் பையை அழுத்திக் காற்றுச் செலுத்த வேண்டும். மேஜை மேல் ரப்பர்க் குழந்தை. சொல்லிக் கொடுத்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் விநாடி காட்டும் கடிகாரம்.

ஒல்லியாக ஒரு பெண் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆனவள். துணியால் துடைத்தாள், தேய்த்தாள், பையைத் தேடினாள். அது துணிக்கு அடியில் போய்விட்டிருந்தது. எடுத்து மூடியை வைத்தால் காற்று பக்கவாட்டில் போயிற்று. ரப்பர் மார்பு அசையவில்லை. "அழுடா கண்ணு, அழுடா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒண்ணு நாற்பது" என்றார் அந்த அம்மாள். "குழந்தையை வை. பையை முதல்லே எங்கே வைக்கணும்?"

"தலைமாட்டிலே மேடம்."

"வை. தாடையை இன்னும் கொஞ்சம் தூக்கு. மறுபடி."

மூன்றாவது தடவை மார்பு ஏறி இறங்கியது. 52 விநாடி. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகரப் பார்த்தாள்.

"எங்கே போறே? இன்னும் நாலு தடவை" என்று சொல்லி, அந்த அம்மாள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்.